பாலத்துக்கு மேலே எடுத்த தண்ணீர்

ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் ஊழியருக்கு அன்று விடுமுறை. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், உள்ளூர் ஆற்று மீன்களை மட்டுமே வைத்திருக்கும் அந்தச் சின்னக் காட்சியகத்துக்கு வந்திருந்தார். இரண்டே அறைகள், ஒன்பது தொட்டிகள், வழுக்கும் ஈரத்தரை.

"இதைப் பார்க்கவா பஸ் பிடிச்சு வந்தோம்?"

"வீட்டுல உக்காந்து டிவியை முறைக்கிறதுக்கு இது தேவலை, வாங்க."

கடைசித் தொட்டியில் விரல் நீளத்தில் பதினொரு மீன்கள். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கறுப்புப் பொட்டு. மீன்களைப் பராமரிக்கும் அம்மாள் வாளியோடு வந்தார்.

"இதெல்லாம் நம்ம ஆத்து மீனுங்க. இப்ப ஆத்துல ஒண்ணுகூட இல்ல. நாலு வருஷம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்து இருநூறு குஞ்சு வளர்த்தேன். போன வருஷம் பாலத்துக்குக் கீழ கொண்டுபோய் விட்டேன். மறுநாள் போனா அத்தனையும் செத்து மிதக்குது."

"அடப்பாவமே! தண்ணி சரியில்லையோ?" என்றாள் மனைவி.

"தண்ணி சுத்தம்னுதான் ரிப்போர்ட்ல இருந்தது. என் வளர்ப்புலதான் ஏதோ கோளாறு. எங்க தப்பு பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுத் தூக்கமே போச்சு. மிச்சம் இந்தப் பதினொண்ணுதான். இதுங்க முன்ன மாதிரி தொட்டியில முட்டை வைக்க மாட்டேங்குது. இந்த மாச ரிப்போர்ட்டும் நல்லா வந்திருக்கு. ஆத்துலயாவது பெருகட்டும்னு நாளைக்கு விடப்போறேன்."

அந்த ரிப்போர்ட்டில் இருப்பது ஊழியரின் கையெழுத்து. சாயப்பட்டறைக் கழிவுக் குழாய் பாலத்துக்குக் கீழேதான் வந்து கொட்டுகிறது. அங்கே முழங்கால் வரை சேறு, நாற்றம் குடலைப் பிடுங்கும். அதனால் ஆறு வருடமாகப் பாலத்துக்கு மேலேயே, கழிவு கலக்காத பக்கத்தில், செருப்பு நனையாமல் நின்று பாட்டிலை நிரப்பி, 'பாலத்துக்குக் கீழே' என்று சீட்டு ஒட்டிவந்தார். யாரும் அவருக்கு லஞ்சம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற மெத்தனம்தான்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த அம்மாளின் விரல்கள் தண்ணீரில் ஊறித் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"நாளைக்கு விடாதீங்கம்மா. அந்த ரிப்போர்ட் பொய். எழுதினவன் நான்தான்." தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார்.

"என்னங்க சொல்றீங்க?" மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

அம்மாள் வாளியைக் கீழே வைத்தார். கத்தவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

"இருநூறு உயிருக்கும் நான்தான் எமன்னு ஒரு வருஷமா அழுதேனே சார்."

"நாளைக்கே ஆபீஸ்ல உண்மையை எழுதிக் கொடுத்துடறேம்மா. வேலை போனாலும் போகட்டும்."

"கொடுங்க. செத்தது திரும்பி வராது. ஒருத்தர் தன் வேலையில காட்டுற மெத்தனம் அவரோட முடியறதில்ல. அவர் கையெழுத்தை நம்பினவங்க தலையிலதான் வந்து விடியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். "மீனுக்காக மட்டும் சொல்லல. ஆறு போற வழியில கீழ இருக்கிற ஊர்ல அந்தத் தண்ணியத்தான் சார் குழந்தைங்களும் குடிக்குது."