சோகப் பாட்டுக்காரி

என் மருமகளுக்குச் சோகப் பாட்டு என்றால் உயிர். சமைத்தாலும் துணி மடித்தாலும் யாரோ யாரையோ பிரிந்து உருகிக்கொண்டிருக்க வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கும் என் மகனுக்கோ காது கிழிகிற தாளம். எந்தக் கருவி எங்கே நுழைகிறது என்று பிரித்து மேய்வான். இரண்டுக்கும் நடுவில் இடிபட்டது என் தலை. வீட்டில் என்ன குறை என்று ஒப்பாரி வைக்கிறாய் என்று அவளைக் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைப்பாள், பாட்டை மாற்ற மாட்டாள்.

என் சிறுநீரகம் கைவிட்ட பிறகு, அவள் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில்தான் எனக்கு டயாலிசிஸ். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு முதலில் ஊசி ஏறுகிறதோ அவர் கேட்கும் பாட்டுதான் முதலில் ஓடும். பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர் அந்தப் பெருமைக்காகவே எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார்.

மனைவி இறந்த பிறகு அவர் வந்த முதல் நாள். முதல் ஊசி அவருக்குத்தான், ஆனால் பாட்டு கேட்கவில்லை. மனுஷரைத் தேற்றுகிறோம் பேர்வழி என்று நாங்களே துள்ளல் பாட்டாகப் போட்டோம். நான் தாளம்கூடப் போட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் என் மருமகளைக் கூப்பிட்டார்.

"ஊசியை எடுத்துரும்மா. இனிமே நான் வரல."

வராவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரிய நர்ஸ் புத்தி சொன்னார், நான் அதட்டினேன். அவர் அசையவில்லை.

மருமகள் பாட்டை நிறுத்திவிட்டுத் தன் செல்போனில் வேறொன்றைப் போட்டாள். மனைவியைப் பறிகொடுத்தவன் பாடும் பாட்டு. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறாளே பாவி!

டிரைவர் தோள் குலுங்க அழுதார். பெரிய நர்ஸ் தடுக்க வந்தபோதும் அவள் பாட்டை நிறுத்தவில்லை, ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஊசி ஏறிய கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணும் வழிந்தது.

"இன்னொரு தடவை போடும்மா," என்றார் அவர்.

கடைசிவரை ஊசியோடு இருந்தார். கிளம்பும்போது, அடுத்த முறை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டார்.

வாசல்வரை போனவர் என் பக்கம் திரும்பினார். "கொடுத்து வெச்சவங்க அக்கா நீங்க."

"ஆமா தம்பி," என்றேன். வாழ்க்கையில் மறுபேச்சில்லாமல் நான் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.