பூனைக்குப் பணம் கட்டியவர்

ஒரு சொட்டு போதும். அதற்கு மேல் விழுந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

தையல் மிஷின் எண்ணெய் டப்பாவின் மூக்கைக் குச்சியின் நுனிக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கினான் பிசின். பின்பக்கக் கதவு தடதடத்தது.

"பிசினு! ஆட்டத்துக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. ஆச்சா இல்லையா?"

எதிர்வரிசை பில்லியர்ட்ஸ் கிளப்பின் மார்க்கர். மேஜைக்குப் பக்கத்தில் நின்று புள்ளி எழுதுவதுதான் வேலை. தெருவையே விரட்டுகிற தொண்டை.

"கத்தாதீங்கண்ணே! கை நடுங்கிடுச்சுன்னா நீங்களா வந்து ஒட்டுவீங்க?"

சொட்டு விழுந்தது. கட்டைவிரலால் ஒரே தடவு. குச்சியின் நுனியில் இருந்த வெள்ளை வளையம் லேசாக மினுங்கி அடங்கியது.

பில்லியர்ட்ஸ் குச்சியின் உயிரே அந்த நுனியில் ஒட்டுகிற தோல் வில்லைதான். சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. டிப் என்பார்கள். ஆளுயரக் குச்சியில் வெள்ளைப் பந்தைத் தொடுகிற உரிமை அதற்கு மட்டும்தான். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தூசியைத் துடைத்து, அதற்கப்புறம்தான் புது டிப்பை ஒட்ட வேண்டும். பிசின் ஒட்டினால் குச்சியே முறிந்தாலும் டிப் பெயராது. அந்தப் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

எண்ணெய் தடவிய வளையத்தில் ஒட்டினால்? மெதுவான அடிக்கெல்லாம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எங்கேயாவது ஒரு இடத்தில் வெள்ளைப் பந்தைப் பின்னுக்கு இழுக்க, கீழே குத்தி ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும். அப்போது பறக்கும்.

பசையைத் தொட்டு வைத்து, டிப்பை அழுத்தி, இடுக்கியில் பூட்டினான்.

திரைச்சீலை விலகியது. முன்பாதி அக்காவின் தையல் கடை, பின்பாதி இவனுடைய பட்டறை; நடுவில் இந்தத் திரை மட்டும்தான். கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா தலையை நீட்டினாள்.

"என் எண்ணெய் டப்பாவை எங்கடா கொண்டு வந்தே?"

"கடைசல் மிஷின் கிறீச்சுன்னுது. அதான்."

அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டாள். இடுக்கியைப் பார்த்தாள்.

"பூனையோட குச்சியா?"

"ம்."

"நல்லா ஒட்டிட்டியா?"

"ம்."

"வாயில என்ன கொழுக்கட்டையா? திறந்து சொல்லேன்."

"ஒட்டிட்டேன்க்கா! நல்லா ஒட்டிட்டேன். போதுமா?"

போதும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அவள் போய்விட்டாள். பிசினுக்கு எரிந்தது. பத்து வருடமாக இதே கேள்வி. ஊரில் நூறு பேர் குச்சி கொண்டு வருகிறார்கள். ஒருத்தன் குச்சியைப் பற்றியாவது கேட்டிருப்பாளா? பூனை குச்சி என்றால் மட்டும் கூடப்பிறந்தவளுக்கே அக்கறை பொத்துக்கொண்டு வருகிறது!

*

பூனை என்பது அவன் நடைக்கு வைத்த பெயர். மேஜையைச் சுற்றி வருவது யாருக்கும் கேட்காது. பந்துகள் குழியில் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தக் கிளப் பார்க்காத ஆட்டக்காரர் இல்லை. தபால்காரர் ஒருவர் இருந்தார்; கடிதப் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே ஆடுவார். பை ஆடினால் அடி தப்பு என்று தனக்குத்தானே ஒரு சட்டம். முடிவெட்டுபவர் ஒருவர் வாடிக்கையாளரை முகம் நிறைய சோப்போடு உட்கார வைத்துவிட்டு ஓடி வந்து, ஐந்து பந்தை இறக்கி, பந்தயத்தை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, சோப்பு காய்வதற்குள் திரும்பிவிடுவார். இன்னொருத்தர் குடைக்காம்பால் கறுப்புப் பந்தைக் குழியில் தள்ளுவேன் என்று பந்தயம் கட்டித் தோற்று, குடையையும் விட்டுவிட்டு மழையில் நனைந்து வீட்டுக்குப் போனார். எல்லாரையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். பிசினைப் பற்றி மட்டும் ஒரே ஒரு கதை. அதுவும் அவன் தோற்ற கதை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பூனைக்கும் அவனுக்கும் ஒரே ஒரு பந்தய ஆட்டம். கடைசிக் கறுப்புப் பந்து குழியிலிருந்து ஒரு சாண். சின்னப் பிள்ளை தள்ளினால் விழும். குனிந்து குறி பார்த்தவன், பூனைக்கு முகம் வெளுத்திருக்கிறதா என்று ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். வெளுக்கவில்லை. அந்த எரிச்சலோடு அடித்தான். பந்து குழியின் உதட்டில் மோதி வெளியே வந்து நின்றது. பூனை சிரமமே இல்லாமல் தட்டிவிட்டுப் போனான்.

தோற்றதைவிட வலித்தது வேறொன்று. அன்றைக்கு அவன் பேரில் பணம் கட்ட ஒரு ஆள் வரவில்லை. சொந்தக் காசைத்தான் வைத்து ஆடினான். பூனைக்கோ, பத்து வருடமாக யாரோ ஒருவர் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

யார்?

கிளப்பில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பணம் கட்டுபவர் கவரில் போட்டு ஒட்டி முதலாளியிடம் கொடுக்க வேண்டும். கவர் புள்ளிப் பலகைக்குப் பின்னால் போய்விடும். பெயர் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். ஜெயித்தால், சத்தமில்லாமல் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். தோற்றால், சபைக்கு நடுவே வந்து, ஜெயித்தவன் கையில் தானே கவரைக் கொடுக்க வேண்டும். கட்டத் தெரிந்தவருக்குத் தோற்ற முகத்தைக் காட்டவும் தெரிய வேண்டும் என்பார் முதலாளி.

பூனை பந்தய ஆட்டத்தில் தோற்றதே இல்லை. ஆகவே அந்த முகத்தை யாரும் பார்த்ததே இல்லை.

மருந்துக்கடைக்காரர் என்று சிலர் சொன்னார்கள். பல் டாக்டர்தான் என்று மார்க்கர் அடித்துச் சொன்னார். பிசினுக்கு யாராக இருந்தாலும் ஒன்றுதான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பத்து வருடம் சந்தேகமே இல்லாமல் நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கைக்கு ஒரு முகம் இருக்கிறது. இன்றைக்கு அது தொங்குவதைப் பார்த்துவிட வேண்டும்.

காலையில் பழகும்போது டிப்பின் விளிம்பு பிளந்துவிட்டது என்று பூனையே குச்சியைக் கொண்டு வந்து நீட்டினான். "உன் கை பட்டாத்தான் மச்சான் எனக்கு நிம்மதி" என்று வேறு சொன்னான். ஜெயிக்கிறவனுக்கு அப்படியெல்லாம் பெருந்தன்மையாகப் பேச வரும்.

*

மத்தியானம் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை. நடு மேஜையைச் சுற்றி நிற்க இடமில்லை.

எதிராளி வெளியூர்க்காரன். தடித்த மூக்குக்கண்ணாடி, அதனால் வந்த அன்றைக்கே கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் ஐந்து ஆட்டம் எடுப்பவருக்கு ஜெயம்.

பந்துகளைக் கலைக்கிற முதல் அடிக்குப் பூனை எப்போதும் கிளப் குச்சியைத்தான் எடுப்பான். தன் குச்சியின் டிப்பை அதில் வீணாக்க மாட்டான். பிசினுக்கு அது தெரியும். அடுத்து அவன் தன் குச்சியைக் கையில் எடுத்தான்.

டக். பந்து விழுந்தது. டிப் அசையவில்லை.

டக். டக்.

இரண்டு ஆட்டம் பூனைக்கு. மூன்று கண்ணாடிக்கு. பிறகு பூனைக்கு ஒன்று. டிப் அப்படியே இருந்தது. எண்ணெய் போட்டும் பெயராத அளவுக்கா நம் வேலை நன்றாக இருக்கிறது என்று பிசினுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகங்களைப் பார்க்க ஆரம்பித்தான். மருந்துக்கடைக்காரர் நகம் கடித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இவரா, அவரா?

"யோவ் பிசினு, ஆட்டம் மேஜை மேல நடக்குது. டாக்டர் மூஞ்சியில என்ன பல்லா எண்றே?" என்றார் மார்க்கர். நாலு பேர் சிரித்தார்கள்.

நாலுக்கு நாலு.

கடைசி ஆட்டம். பூனைக்கு ஒரு பந்தும், கடைசியாக விழ வேண்டிய கறுப்பும் பாக்கி. கண்ணாடிக்கு மூன்று பந்து நின்றது. பூனையின் பந்து தூரத்து மூலைக்குழியின் வாயில். கறுப்போ இந்தக் கோடியில். தன் பந்தை விழுத்திவிட்டு வெள்ளைப் பந்து மேஜையின் முழு நீளமும் திரும்பி வர வேண்டும். கீழே குத்தி, ஓங்கி இழுத்து அடிக்க வேண்டும்.

பூனை சாக்கட்டியை டிப்பில் இரண்டு முறை தேய்த்தான். குனிந்தான். பிசின் கையை இறுக்கி மூடிக்கொண்டான்.

அடித்தான்.

பிசிறலாக ஒரு சத்தம். ஏதோ ஒன்று விளக்குக்குக் கீழே மின்னிச் சுவரில் பட்டு விழுந்தது. வெள்ளைப் பந்து கோணிக்கொண்டு ஓடி, எதையும் தொடாமல் பக்கக்குழிக்குள் இறங்கியது.

தப்பாட்டம். வெள்ளைப் பந்தை இனி கண்ணாடி விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். வைத்தான். மூன்று பந்தையும், பிறகு கறுப்பையும், கடையில் சாமான் எடுத்துப் போடுகிறவன் மாதிரி எடுத்துப் போட்டான்.

பூனை சுவரோரம் போய்க் குனிந்து டிப்பை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். பிறகு பிசினைப் பார்த்தான். அதிக நேரம் பார்க்கவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "விடு மச்சான். தோலு சரியில்ல போல" என்றான்.

திட்டியிருந்தால் தேவலை. அதிலும் அவனே ஜெயித்துவிட்டான்.

"போன் போட்டுட்டேன். கவருக்குரியவங்க இப்ப வந்துடுவாங்க" என்றார் முதலாளி.

வந்துடுவாங்களா? அப்படியென்றால் அந்த ஆள் இங்கே இல்லை! மருந்துக்கடைக்காரர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். இத்தனை வருடம் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாக் கண்ணும் வாசலில். பிசின் முண்டியடித்து முன்னுக்கு வந்தான்.

கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா நின்றாள்.

பிசினுக்குச் சலிப்பாக வந்தது. எந்த நேரத்தில் வருகிறாள் பார்! "என்னக்கா, கடைச் சாவியா? இப்ப போ, அப்புறம் வரேன். முக்கியமான ஆள் ஒருத்தர் வர்ற நேரம்" என்று கிசுகிசுத்தான்.

அக்கா அவனைத் தாண்டிப் போனாள்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். புள்ளிப் பலகைக்குப் பின்னால் கைவிட்டுக் கனத்த பழுப்புக் கவர் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அக்கா அதைக் கண்ணாடியின் கையில் வைத்தாள்.

"நல்லா ஆடினீங்க தம்பி" என்றாள். குரல் பிசிறவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

மார்க்கரின் கையிலிருந்த சாக்கட்டி கீழே விழுந்து உருண்டது.

*

படிக்கட்டின் பாதியில் பிசின் அவளைப் பிடித்தான்.

"எத்தனை நாளா இது?"

"பத்து வருஷமா."

"பத்து வருஷமா!" கைப்பிடியில் ஓங்கித் தட்டினான். "என் மேல கட்ட ஒரு நாய் வரல. அன்னிக்கு நீயும் வரல. இவனுக்கு மட்டும் பத்து வருஷம் கட்டியிருக்கே! கூடப்பிறந்தவ நீ!"

"கத்தாத. உன் கடைசல் மிஷின் எங்கேயிருந்து வந்துச்சுன்னு நினைச்சே? ஜாக்கெட் தைச்சா? அன்னிக்கு நீ ஆடின ஆட்டத்தை நானும் வாசல்ல நின்னு பார்த்தேன்டா. நீ பந்தைப் பார்க்கல, அவன் மூஞ்சியைப் பார்த்தே. அதுக்கு எப்படிக் கட்டுவேன்?"

"அதனால அவனை நம்பிட்டியாக்கும்!"

அக்கா நின்றாள். முதல்முறையாக அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தான். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"அவனை யார்றா நம்பினா? அவன் எப்ப ஜெயிப்பான், எப்ப தோப்பான்னு எனக்கென்ன தெரியும்? எனக்கு ஆட்டமே சரியாப் புரியாது. பந்தைப் பார்க்கத் தெரியாத நீ, பட்டறையில உட்கார்ந்தா வேற எதையும் பார்க்க மாட்டே. அது எனக்குத் தெரியும். நீ ஒட்டின டிப்பு பத்து வருஷத்துல ஒண்ணுகூடப் பறந்ததில்ல. அதை வச்சுத்தான் ஒவ்வொரு தடவையும் கட்டினேன்."

பிசினின் கட்டைவிரலில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தது. அதைச் சட்டையில் துடைத்தான். போகவில்லை.

"இன்னிக்கு எவ்வளவுக்கா?" என்றான்.

"உனக்குத் தனியா ஒரு பட்டறை பார்த்து வச்சிருந்தேன். அதுக்காக ரெண்டு தையல் மிஷினையும் வித்துட்டேன், நாளைக்கு எடுக்க வருவாங்க. அப்படியும் பணம் பத்தல. அந்தப் பணத்தையும் உள்ள வைக்கலாமா வேணாமான்னு மத்தியானம் வரைக்கும் கவரை ஒட்டாமலே வச்சிருந்தேன்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம்தான் திரையை விலக்கி உன்னைக் கேட்டேன், நல்லா ஒட்டிட்டியான்னு."