மலைக்கு முதுகு கொடுத்தவர்கள்

கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவையில், முனிசிப்பல் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நிற்கிற மலையை எழுபத்தெட்டாம் ஆண்டிலிருந்து அழகர்தான் முதுகால் தாங்கிக்கொண்டு நின்றார். அவருக்கு வேலை தெருவோரச் சாக்கடைக் கான்களைச் சுத்தம் பண்ணுவது. அது தொடங்கிய அன்றைக்குப் பின்னேரம் அடைமழை. சோற்றுக்கு முன்னால் குந்தியவர், வீட்டுப் பின்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டார். பெண்சாதி வடிவம்மாவிடம், "புள்ளயத் தூக்கிட்டு வெளிய ஓடு" என்று சொல்லிவிட்டு, பின்கதவால் போய் மலையில் முதுகைக் கொடுத்துக் குதிகாலை ஊன்றினார். மலை நின்றுவிட்டது. மழை விட்ட பிறகு மெதுவாக விலகிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவின் கூரைத் தகரம் மடமடவென்று சரிந்தது. அதோடு சோதனையை நிறுத்திக்கொண்டார்கள்.

மலைக்கு என்ன கேடு, அது சும்மாதான் கிடந்தது. உச்சியில் இருந்த மரங்களை வெட்டிப்போட்டு, வாவி தெரிகிற மாதிரி மாடிவீடுகள் கட்டினவர்கள் தங்கள் கான்களையெல்லாம் லயத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். மழையும் குணம் மாறிப்போயிருந்தது. முன்னே மாதம் முழுக்க நசநசவென்று பெய்த மழை, இப்போது அத்தனையையும் ஒரு பின்னேரத்தில் கொட்டிவிட்டுப் போய், பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. மண் வாயைப் பிளந்துகொண்டு அடுத்த மழைக்குக் காத்துக்கிடக்கும். பெரிய பெரிய நாட்டுக்காரர்கள் விடுகிற புகையால் வானம் கெட்டுப்போச்சு என்று பிற்காலத்தில் ரேடியோவில் சொன்னார்கள். நம்ம லயத்தில் ஒருத்தனிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

சனம் எதற்கும் பழகிவிடும். அழகர் நின்றபடியே தூங்கினார், நின்றபடியே சவரம் செய்துகொண்டார். உடுப்புக் காயப்போடுகிற கொடியின் ஒரு நுனியை அவர் கையில் கட்டலாமா என்று பாப்பம்மா கேட்டாள். "கட்டுங்க, சும்மாதானே நிக்கிறேன்" என்றார். இளந்தாரிகள் அவரை மாற்றிவிட்டுத் தாங்கள் நின்று பார்த்தார்கள், மலை ஒத்துக்கொள்ளவில்லை, தோளுக்கு மேலால் மண்ணை உதறியது. அதுக்கு அழகரின் முதுகுதான் பழக்கம். தினமும் வேலை முடிந்து வந்து அவருக்குச் சோறு ஊட்டுகிற வடிவம்மா, வாயைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் தானும் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பாள். புருஷன் பெண்சாதி ஒன்றாக இருக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"ஒரு நாளைக்காவது பாயில முதுக நீட்டிப் படுங்களேன்."

"நம்ம சனத்துக்கு வேற எடத்துல காணி குடுக்கட்டும் வடிவு. எல்லாரும் போனப்புறம் இந்தச் சனியன விட்டுட்டு வந்து படுக்கிறேன்."

எண்பத்து மூன்றில் தடியும் நெருப்புமாக ஆட்கள் வந்தபோது லயமே காலிசெய்துகொண்டு ஓடியது. அழகர் எங்கே ஓடுவது? அவரைச் சுற்றி நின்றவர்களில் ஒருவனுக்கு லயத்துக்குக் கீழே டயர்க்கடை இருந்தது. அவன் மலையைப் பார்த்தான், தன் கடையைப் பார்த்தான், தடியைக் கீழே போட்டான். "இவனைத் தொடாதீங்கடா" என்று சிங்களத்தில் கத்தினான். வீடுகளை மட்டும் கொளுத்திவிட்டுப் போனார்கள். கண்ணெதிரே தன் வீட்டுக் கூரை எரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்ற நகர முடியாமல் நின்றார் மனுஷன். அகதி முகாமிலிருந்து வடிவம்மா திரும்பி வந்தபோது, அவர் தலைமயிரெல்லாம் சாம்பல். கொடி மட்டும் கையில் அப்படியே இருந்தது. அவள் முந்தானையால் தலையைத் துடைத்துவிட்டு, சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் அழுதாள்.

அடுத்த சில வருஷங்களில் மலைநாடெங்கும் மண் சரிந்து சனம் புதைந்தது. சரிந்த இடத்துக்காரர்களுக்குக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வடிவம்மா ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கினாள். கடைசியில் குடை பிடித்துக்கொண்டு ஒரு துரை வந்தார். நல்ல மனுஷர்தான், அழகருக்கு வணக்கம்கூடச் சொன்னார். மலையைத் தட்டிப் பார்த்தார்.

"இங்க மண்சரிவு நடக்கலையே அம்மா. நடந்த இடத்துக்குத்தான் காணி."

"நடக்காம என் புருஷன்ல புடிச்சிட்டு நிக்கிறாரு!"

"அப்ப பத்திரமாத்தானே இருக்கு."

"நாங்க செத்தா குடுப்பீங்களா?"

துரை செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். லயத்துக்கு ஆளுக்கொரு பாண் ரொட்டி அனுப்பிவைத்தார். அன்றைக்கு வடிவம்மா மடவளைச் சந்தைக்குப் போய்ப் புதுப் பன்பாய் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். கோபத்தில்தான் வாங்கினாள். பாய் விற்ற றமீஸா, "யாருக்கும்மா, புதுமாப்பிள்ளைக்கா?" என்று கேட்டதற்கு, ஓமென்று சொல்லிவிட்டு வந்தாள். திருப்பிக் கட்டிய வீட்டுக்குள் அதை விரித்து, பின்கதவைத் திறந்துவைத்தாள். அழகர் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்க்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில், டவுனில் குண்டு வெடித்த மறுநாள், துவக்கோடு ஜீப்பில் வந்தவர்கள் லயத்தைச் சுற்றிவளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வராமல் நின்றவர் ஒரே ஆள்.

"பின்னால என்னத்த மறைச்சிருக்கே?"

"மலை, மாத்தயா."

சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். சனம் சுற்றி நின்று கும்பிட்டது, குழறியது. கேட்டால்தானே? இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்கவும், மேலே உறுமல் கேட்டது. வடிவம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, வழக்கமாகச் சாய்கிற அதே இடத்தில் முதுகைக் கொடுத்தாள். இத்தனை வருஷம் அந்திக்கு அந்தி சாய்ந்து நின்ற முதுகு, மலைக்குத் தெரிந்த முதுகு. மலை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அடங்கியது. அழகரைத் தெரு முடக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"கால அகட்டி வையி வடிவு! குதிகால ஊனு!"

அதுதான் அவரிடமிருந்து கிடைத்த கடைசிப் பேச்சு. ஜீப் எந்தப் பக்கம் போனது என்று சொல்ல ஆளில்லை. தேடிப் போகவேண்டியவளோ நகர முடியாதவள். மகள் பாமாதான் போனாள், கைக்குழந்தையோடு பொலிஸ், ராணுவ முகாம் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்றாள், அப்படி ஒரு ஆளைத் தாங்கள் கொண்டுவரவே இல்லை என்ற ஒரே பதிலோடு திரும்பினாள். அப்பனுக்கு ஊட்டிய அம்மாவுக்கு இப்போது மகள் ஊட்டினாள்.

சண்டை முடிந்துவிட்டது என்று பட்டாசு கொளுத்திய நாளிலும் வடிவம்மா அங்கேதான் நின்றாள். மழை அதற்குப் பிறகு இன்னும் மூர்க்கமாகிவிட்டது. புதிதாக ஒரு துரை வந்து, மலை விழவில்லை என்று பார்த்துவிட்டுப் போனார். பாப்பம்மா அவள் கையில் கொடியைக் கட்டியிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில், மண்ணில், அழகரின் முதுகு அழுத்திய குழி அப்படியே இருக்கிறது, அதில் புல் முளைப்பதில்லை. கொஞ்சம் நகர்ந்து அதற்குள் நின்றால் மழை படாதே அம்மா என்று பாமா ஒருநாள் சொன்னாள். வடிவம்மா மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்குள் பாயைத் தட்டி விரித்துவை என்று மட்டும் சொன்னாள்.

"அவரு வந்தா இங்கிட்டு வர விடாத புள்ள. நேரா கூட்டிட்டுப் போயி படுக்க வையி. மலைய நான் பாத்துக்கிறேன்."

பாமா தினமும் காலையில் பாயைத் தட்டி விரிக்கிறாள்.