குருத்து வெட்டுகிறவர்கள்

வெயில் ஏறுவதற்குள் குருத்தை வெட்டி இறக்கிவிட வேண்டும். சூடு பட்ட குருத்தில் மரபணு சிதைந்துபோகும் என்பது ஆய்வுக்கூடத்தின் கண்டிப்பு. அதனால் புக்கிட் பெலிம்பிங் ஊரைத் தாண்டியிருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில், கிழக்கு வெளுக்கும் முன்பே ஷாமளாவின் கூட்டம் பதினான்காம் நம்பர் காடு என்கிற பிரிவில் நின்றிருக்கும்.

ஒருவர் ஏணியில் ஏறுவார். மட்டை முட்கள் சட்டைக் கையைக் கிழிக்கும். இடக்கையால் மட்டையைக் கட்டிக்கொண்டு வலக்கையால் நடுக்குருத்தை அறுத்துக் கீழே போடுவார். அதோடு பனித்தண்ணீரும் எறும்பும் சேர்ந்து கொட்டும். கீழே இருக்கும் ஷாமளா குருத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, சாண் அளவுக்கு நறுக்கி, மரத்தின் எண் ஒட்டிய பையில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைப்பாள். முதுகில் வேர்வை ஓடும். விரல்கள் ஐஸில் மரத்துப்போகும். பத்து மணிக்குள் அறுபது மரம். லுக்மான் பெட்டிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு ஆய்வு மையத்துக்குப் பறப்பான். குளிரூட்டிய அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மரத்தின் மரபணுவையும் வரிசையாகப் படித்து, அதை வைத்து எந்தக் கன்று அதிகம் காய்க்கும் என்று முளைக்கும்போதே சொல்லிவிடுவார்கள்.

எட்டு வருடமாக ஷாமளா இந்த வேலையில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள். மையத்தில் ஆய்வு உதவியாளர் வேலைக்கு மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும் வெளிநாட்டு அனுபவம் வேண்டும் என்றே பதில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கொந்திராக் ஒப்பந்தத்தில், ராவாங்கில் இருக்கும் ஓர் ஏஜண்டின் ஆளாகத்தான் அவளும் மற்ற இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏறியவர் சேது. முதல்நாள் மழையில் மண் நெகிழ்ந்திருந்தது. ஏணியின் ஒரு காலில் ரப்பர் கழன்றுபோய் மூன்று மாதமாகிறது. ஷாமளாவே மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். குருத்தை அறுக்கக் கையை நீட்டியபோது ஏணி பக்கவாட்டில் சறுக்கியது. சேது கத்தவில்லை. தேங்காய் விழுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த மரத்தடியில் பைகளில் எண் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சின்னம்மா திரும்பிப் பார்த்தபோது, அவர் கண் திறந்தபடி கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அதன்பிறகு தொடங்கியது அலைச்சல். லுக்மானின் காரில் ஷாமளா ராவாங்குக்குப் போனாள். கடைவீட்டு மாடியில் இருந்த ஏஜண்டின் அலுவலகம் முதல்நாள் பூட்டிக் கிடந்தது. மறுநாள் இருந்த பெண், தோட்டம் மையத்துடையது, அங்கேதான் கேட்க வேண்டும் என்றாள். மையத்தில் கேட்டால், ஏஜண்டிடம் போகச் சொன்னார்கள். மூன்றாம் முறை மாடியேறியபோது அந்தப் பெண் ஒரு தாளைக் காட்டினாள். அதில் சேது தொழிலாளியே இல்லை, 'சுயமாகச் சேவை தருபவர்'. தொழிலாளர் காப்பீடான சொக்சோவில் அவர் பெயரைப் பதியவே இல்லை. இருபத்து மூன்று பேரில் ஒருவர் பெயரும் பதியப்படவில்லை.

அந்தத் தாளின் நகலோடு ஷாமளா நேரே மையத்தின் நிர்வாகி திலீப்பின் அறைக்குப் போனாள். மேசை மேல் பளபளவென்று ஒரு பெரிய அட்டை கிடந்தது. 'உலகத்தின் சிறந்த மரபணு விஞ்ஞானிகளே, வருக' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே அவர்களுக்குக் கிடைப்பவை: வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு, வருடம் ஒருமுறை ஊர் போக விமானம்.

"சேது எங்க ஆளு இல்ல ஷாமளா," என்றார் திலீப். "ஏஜண்டோட ஆளு."

"எந்த மரம் ஏறணும், எத்தன மணிக்கு ஏறணும்னு நீங்கதானே சார் சொல்றீங்க?"

"அது வேல. இது பேப்பர்."

உடனே அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வருகிற வியாழக்கிழமை நான்கு நாடுகளிலிருந்து ஆறு விஞ்ஞானிகள் வருகிறார்கள். இடத்தைப் பார்த்துப் பிடித்தால்தான் வேலையில் சேர்வார்கள். அவர்கள் முன்னால் குருத்து எடுத்துக் காட்ட வேண்டும். ஷாமளா ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். விபத்துப் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. பிறகு ஸ்டோரைத் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத இரண்டு புது ஏணிகள், நான்கு இடுப்புப் பட்டைகள்.

"இத முன்னாடியே வாங்கியிருந்தா சேது அண்ணன் நடந்துக்கிட்டு இருப்பாரு சார்."

"அது அன்னிக்கு மட்டும்லா. அவங்களுக்குக் காட்டறதுக்கு. முடிஞ்சதும் ஸ்டோருக்குத் திரும்பி வந்துறணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லபடியா முடிச்சுக் கொடு. லேப்ல ஒரு இடம் காலியாவுது. உன் பேர நானே சொல்றேன்."

ஷாமளா வெளியே வந்தாள். வெள்ளை அங்கி போட்டுக் குளிர்ந்த அறையில் தான் உட்கார்ந்திருப்பது ஒரு கணம் கண்ணுக்குள் வந்துபோனது. அப்படி வந்ததற்காகவே தன் மேல் எரிச்சலாக இருந்தது. வரப்போகிற விஞ்ஞானிகள் மேல் அவளுக்குக் கோபமில்லை. படித்தவர்கள், வரட்டும். ஆனால் அவர்கள் படிக்கப்போகிற நாலாயிரம் மரத்தையும் ஏறி இறங்கியவர்களுக்கு ஒரு காகிதத்தில்கூட இடமில்லையே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

புதன்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் லோரிக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். ஷாமளா தாளின் நகலைக் காட்டினாள். ஸ்டோரில் பார்த்ததைச் சொன்னாள். லேப் வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப நீ போயிருவியா?" என்று கேட்டான் கூட்டத்திலிருந்த தனேஷ். கேலி இல்லை, பயம்தான் இருந்தது அவன் குரலில்.

"ஆச இருக்கு. இல்லன்னு சொன்னா பொய்," என்றாள் ஷாமளா. "ஆனா இப்பிடி வாங்கிட்டு அங்க போயி என்னால உக்கார முடியாது."

நாளைக்கு யாரும் ஏறக் கூடாது என்றான் லுக்மான். எல்லாருக்கும் பட்டை, நல்ல ஏணி, சொக்சோவில் பெயர், சேதுவுக்கு வைத்தியப் பொறுப்பு. எழுத்தில் தரும்வரை ஏணி தரையிலேயே கிடக்கட்டும். சிலர் சரியென்று தலையை ஆட்டினார்கள். சிலர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாதக் கடைசியில் கொந்திராக் முடிகிறது, புதுப்பிக்காமல் விட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். அது நியாயமான கேள்வி.

நூருல் அமீன் வங்காளதேசத்துக்காரர். பதினோரு வருடத்தில் இவர்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். கூட்டத்தில் வேகமாக ஏறுகிறவரும் அவர்தான். குந்தியிருந்த இடத்திலிருந்தே பேசினார். "அவங்களும் வெளிநாடு, நானும் வெளிநாடு. அவங்களுக்கு வீடு, எனக்கு ஏணி. என் வேல பெர்மிட் ஆபீஸ்காரங்க கையில இருக்கு. நான் உக்காந்தா ஊருக்கு அனுப்பிருவாங்க."

அவரை யாரும் வற்புறுத்தவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து சின்னம்மா நனைந்தபடி வந்து சேர்ந்தார். பேச்சு எதைப் பற்றி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சேலை முந்தானையைப் பிழிந்தார்.

"அவருக்காக நிக்க வேணாம்," என்றார். "அவரு விழுந்தாச்சு. இனிமே ஏறப்போறது நீங்க. உங்களுக்காக நிக்கிறதா இருந்தா நில்லுங்க."

கொட்டகைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. அமீன் எழுந்தார். "நான் விழுந்தா மட்டும் பெர்மிட் வந்து புடிச்சுக்குமா? நானும் உக்காருறேன் அக்கா."

வியாழக்கிழமை காலை வெள்ளை வேன் பதினான்காம் காட்டுக்கு வந்து நின்றது. ஆறு பேரும் புது பூட்ஸோடு இறங்கினார்கள். புது ஏணிகள் உறை பிரிக்காமல் லோரியில் கிடந்தன. பழைய ஏணி மண்ணில் கிடந்தது. இருபத்திரண்டு பேர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். திலீப் சிரித்த முகத்தோடு, "ஆரம்பிக்கலாமா?" என்று ஷாமளாவைப் பார்த்தார்.

அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள். நீங்கள் பார்க்க வந்த மாதிரிகளையெல்லாம் எடுத்தவர்கள் இவர்கள் என்றாள். இன்றைக்கு ஏறப்போவதில்லை, ஏன் என்றால் பதினாறு நாளுக்கு முன்னால் சேது என்பவர் இந்த ஏணியிலிருந்து விழுந்தார், அவர் தங்கள் ஆளே இல்லை என்று மையம் சொல்கிறது என்றாள். அதெல்லாம் ஏஜண்ட் விவகாரம் என்று திலீப் குறுக்கே விழுந்தார்.

வந்தவர்களில் ஒருவர் அடுத்து எங்கே போகிறோம் என்று கேட்டார். இன்னொருவர் குனிந்து, ரப்பர் இல்லாத ஏணிக்காலைத் தடவிப் பார்த்தார். பிரேசிலிலிருந்து வந்த ஒரு பெண் சேதுவின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் இதைப் பற்றிக் கேட்பேன் என்றாள். அவ்வளவுதான். வேன் திரும்பிப் போனது. யாருக்கும் வெற்றி பெற்ற மாதிரி இல்லை. வெறும் பெட்டிகளில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். நூருல் அமீன் மட்டும், துணிமணிப் பையோடு வர வேண்டும் என்று உத்தரவு.

அமீனின் முகம் வெளிறியது. குவாட்டர்ஸுக்குப் போய்ப் பையோடு வந்தார். ஷாமளா எழுந்தாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. லுக்மான் எழுந்தான், தனேஷ் எழுந்தான், கொந்திராக்கைப் பற்றி முனகியவர்களும் எழுந்தார்கள். செம்மண் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடை. அமீனை நடுவில் விட்டு எல்லாரும் நடந்தார்கள்.

ஆபீஸ் வராந்தா கொள்ளவில்லை. திலீப் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் ஒருத்தனத்தான் கூப்பிட்டேன்," என்றார்.

"தெரியும் சார்," என்றாள் ஷாமளா. "எங்க எல்லாருக்கும் அதே பேப்பர்தான். அதான் எல்லாரும் வந்திருக்கோம்."

எதிரே ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கதவு திறந்தது. குருத்து வராததால் காலையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டிருந்த ஆய்வு உதவியாளர் ஃபரா, வெள்ளை அங்கியைக் கழற்றாமலே வெளியே வந்தாள். பின்னால் இன்னும் மூன்று பேர். ஃபரா வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். திலீப் அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் தரையைப் பார்த்தாள், ஆனால் நகரவில்லை.

உள்ளே தொலைபேசி மணி அடித்தது. பெரிய இடத்திலிருந்து வரும் அழைப்பாக இருக்கும். திலீப் அதை எடுக்கப் போனார். கதவு திறந்தே கிடந்தது.

அமீன் இன்னும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னம்மா அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, எல்லாருடைய கால்களுக்கும் நடுவில், தரையில் வைத்தார்.