பெட்டி மேல் உட்கார்ந்த சம்பந்தி

காசிமாலிக்குத் தன் மீதே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மகள் நுர்ஜமாலுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் மலையேறி வந்துகொண்டிருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவனோ கம்பளிக் கூடாரத்துக்குள் மூன்றாவது கால்சட்டையையும் நனைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். சிறுநீர் அடைத்துக்கொண்டதென்று ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து, சிறுநீர் சேர ஒரு பையும் மாட்டி அனுப்பி ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்றிலிருந்து குழாயைச் சுற்றிக் கசிகிறது.

"எனக்குப் பதிலா சடங்குல தம்பி உட்காரட்டும்."

"சித்தப்பா உட்கார்ந்தா நான் காதைக் காட்ட மாட்டேன், அத்தா!" என்றாள் நுர்ஜமால். சொன்னால் செய்கிறவள்தான்.

மனைவி சோனுன் கீழூர் நர்ஸ் பாத்மாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"காய்ச்சல், ரத்தம், அடிவயித்து வலி ஏதாவது இருக்கா அக்கா?"

"ஒண்ணும் இல்லை."

"பையில இறங்குதா?"

"ஏதோ கொஞ்சமா."

"குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கா?"

"இல்லையே, நேரா மேல போகுது."

"மேலயா? பையை எங்க மாட்டியிருக்கீங்க?"

"சுவர்ச் சட்டத்துல. சாட்டை மாட்டற இடத்துல."

"அக்கா! தண்ணி மலை ஏறுமா?"

"சாப்பாட்டு விரிப்பு விரிக்கிற தரைப் பக்கம் அந்தக் கண்றாவியை எப்படிம்மா வைக்கிறது?"

"இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையில படக் கூடாது. முதல்ல இறக்குங்க. அண்ணன் தண்ணி குடிக்கிறாரா?"

"கசியுதுன்னு வாயையே திறக்கலை."

"நல்லா இருக்கு! குடிக்காம கிடந்தா காந்தல் ஜாஸ்தியாகி இன்னும்தான் கசியும். குடுங்க. அப்புறமும் பையில இறங்கலைன்னா, சடங்காவது ஒண்ணாவது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க."

அவனை எழுந்து நிற்கவைத்து, சோனுன் பையைக் கீழே இறக்கினாள். குழாயில் மஞ்சளாக ஓட்டம் தெரிந்தது.

"இறங்குது! அத்தா, இறங்குது!" நுர்ஜமால் குதித்தாள். காசிமாலிக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

ஆனால் விருந்தில் எல்லோரும் தரையில் அல்லவா உட்கார வேண்டும்? தரையில் உட்கார்ந்தால் பை எங்கே தொங்கும்? சோனுன் சுற்றுமுற்றும் பார்த்தாள். மெத்தைகள் அடுக்கியிருந்த சீதனப் பெட்டி கண்ணில் பட்டது. மெத்தைகளை வாரிக் கீழே போட்டாள்.

"ஏறுங்க. பையைப் பெட்டியோட கைப்பிடியில கட்டி, துணி போட்டு மூடிடறேன்."

"சம்பந்தி தரையில, நான் ராஜா மாதிரி மேலயா? காறித் துப்புவாங்கடி!"

"துப்பினா துடைச்சுக்கலாம், ஏறுங்க!"

வெளியே ஹார்ன் சத்தம். காசிமாலி வேறு கால்சட்டை மாற்றிப் பெட்டி மேல் ஏறி உட்காருவதற்கும் அவர்கள் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அசில்பெக் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். காசிமாலிக்குக் காது சூடேறியது. மறைத்தால் சம்பந்தமே முறிந்துபோகும் என்று தோன்றியது.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒண்ணுக்குப் போகக் குழாய் வெச்சிருக்கு. பை கீழ இருக்கணும், நான் மேல இருக்கணும். அவ்வளவுதான் என் ராஜாங்கம்."

அசில்பெக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அட, இதுதானா! பொண்ணு தர மாட்டேன்னு சொல்லத்தான் மேல ஏறி உட்கார்ந்திருக்கீங்களோன்னு பயந்தே போயிட்டேன்!"

கூடாரமே சிரிப்பில் அதிர்ந்தது. மாமியார் நுர்ஜமாலின் காதில் தோடு போட்டாள். ஆசி சொல்லக் காசிமாலி இரண்டு கைகளையும் விரித்தான். தொடைப் பக்கம் துணி காய்ந்தே இருந்தது. விரித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க அத்தா," என்றாள் நுர்ஜமால்.

கண்ணீர் வழிய வழியச் சொன்னான்.