தப்பான கழுத்தில் நீலப்பட்டு

நான் மைத்துனன் பூரெவின் பைக்கில் மாவு வாங்கப் போயிருந்த அன்று, மாமனார் லாமாவை வரவழைத்துக் குதிரையைத் தெய்வத்துக்கு நேர்ந்து விட்டுவிட்டார். குதிரைதான் தப்பான குதிரை.

விட வேண்டியது என் மனைவியின் குதிரை. வசந்தத்தில் அவள் இறந்ததிலிருந்து அது யாரையும் முதுகில் ஏற்றவில்லை. அவள் தம்பி பூரெவைக் கீழே தள்ளியது. விலா வலிக்கிறது என்று தினமும் சொல்கிறான். கழுத்தில் நீலப்பட்டு கட்டிவிட்டால் தொல்லை தீரும் என்று பேசி வைத்திருந்தோம். பட்டு கட்டிய குதிரையில் யாரும் ஏறக் கூடாது, அதை விற்கக் கூடாது, அறுக்கவும் கூடாது.

திரும்பி வந்தால் பட்டு என் குதிரையின் கழுத்தில் தொங்கியது.

இரண்டும் ஒரே தாய் போட்டவை, ஒரே செம்பழுப்பு; என்னுடையது கல்யாணத்தின்போது மாமனார் எனக்குக் கொடுத்தது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் குதிரையைக் குழப்பிக்கொள்வது பெற்ற பிள்ளையைக் குழப்பிக்கொள்வதற்குச் சமம். மாமனார் டாஷ்செவெக்கின் கண்ணில் புரை. கண்ணாடியைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

“மாமா, இது என் குதிரை.”

“யாருகிட்ட சொல்ற? பொறந்தப்ப துடைச்சு விட்டவன் நான். இது எம்பொண்ணு குதிரைதான்.”

“நேத்துதான் இதுமேல இருந்து சேணத்தை இறக்கினேன்.”

“அப்ப நேத்து நீ தப்பான குதிரையில ஏறியிருக்க, மாப்பிள்ளை.”

கல்மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி லாமாவுக்குப் போன் செய்தேன்.

“கட்டினது கட்டினதுதான் தம்பி. பாலும் தெளிச்சாச்சு, மந்திரமும் சொல்லியாச்சு. தெய்வம் வாங்கிக்கிச்சு. மாத்திக் குடுங்கன்னு கேக்க அது என்ன செருப்பா?”

“இன்னொண்ணுக்கும் கட்டிடுங்களேன்.”

“வீட்டுக்கு ஒண்ணுதான். அது செத்தா அடுத்தது. சாப்பிட்டாச்சா?”

ஆக, சாதுவான குதிரையில் ஏறக் கூடாது. ஏறலாம் என்கிற குதிரை ஏற விடாது. போன குளிர் மந்தையில் பாதியைக் கொன்றுவிட்டது. இவை போக மிச்சமிருந்தவை இரண்டே சவாரிக் குதிரைகள்; ஒன்று மாமனாருக்கு, ஒன்று பூரெவுக்கு. குளிர்கால இடத்துக்குக் கணவாயைத் தாண்டி ஆடுகளை ஓட்ட வேண்டும். பனியில் பைக் ஏறாது.

“நீங்க படிச்ச காலேஜ்ல இதுக்குப் பாடம் எதுவும் இல்லையா அத்தான்?” என்றான் பூரெவ்.

மறுநாள் அவனே ஒரு லாரிக்காரனைக் கூட்டிவந்தான். இறைச்சிக்குக் குதிரை வாங்குபவன், பெயர் ஒச்சிர். லாரியில் சாம்பல் நிறக் குதிரை ஒன்று தூங்கி வழிந்தது.

“அந்தத் திமிர் பிடிச்சதைக் குடுத்துட்டு இதை இறக்கிக்கங்க,” என்றான் ஒச்சிர். “குழந்தைகூட ஏறலாம்.”

“வேண்டாம்,” என்றேன்.

“நீங்க யாரு வேண்டாம்னு சொல்ல?” பூரெவ் கத்தினான். “அது அக்கா குதிரை. எங்க மந்தையில இருந்து வந்தது. அவ போயிட்டா, எங்களுக்குத்தான் திரும்பும்.”

வழக்கப்படி அவன் சொல்வது சரி. ஒச்சிர் கயிற்றை எடுத்துவிட்டான்.

சத்தம் கேட்டு மாமனார் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார்.

“எதுடா அக்கா குதிரை? அதோ நிக்குது, பட்டோட. இது மாப்பிள்ளையோடது.”

“அப்பா! இதுதான் என்னைத் தூக்கிப் போட்டுச்சு!”

“உனக்கு ஏறத் தெரியல. மாப்பிள்ளை, நீ ஏறிக் காட்டு.”

இந்த வீட்டில் யாரிடம் என்ன சொல்வது? ஏறினேன். வானம் தெரிந்தது. பிறகு முழங்கையில் கல் குத்தியது. ஒச்சிர் லாரியில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

“உன் குதிரைக்கே உன்னைப் பிடிக்கல,” என்றார் மாமனார்.

எழுந்து மண்ணைத் தட்டினேன்.

“மாமா, எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை சொல்லுங்க. இது யாரு குதிரை?”

அவர் குதிரையின் அருகே போனார். கழுத்தைத் தடவினார். காதுக்குப் பின்னால், அவள் எப்போதும் சொறிந்துவிடும் இடத்தில், கை நின்றது. குதிரை தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. கையை எடுக்க அவருக்கு வெகு நேரம் ஆனது.

“உன்னுதுதான்,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“அப்ப விக்கல.”

“எதுல ஏறி வருவீங்க?” என்றான் பூரெவ்.

“நடந்து.”

“நடந்தா? மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க பார்த்தா? கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவனை நம்ம ஊரு ஆடுகூட மதிக்காது அத்தான்!”

ஒச்சிர் பொழுது வீணாய்ப் போனதற்கு எங்கள் எல்லோரையும் திட்டிவிட்டுப் போனான்.

இடம் பெயர்ந்த அன்று அவள் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் நடந்தேன். எதிரே வந்த குடும்பம் ஒன்று குதிரைகளை நிறுத்தி, காலில் அடியா என்று விசாரித்தது. இல்லை என்றேன். குதிரைக்கு அடியா என்றார்கள். அதற்கும் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவாய் ஏற்றத்தில் குதிரை என் குதிகாலை மிதித்தது. நின்று, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வசந்தத்துக்குப் பிறகு நான் அவ்வளவு பேசியது அன்றுதான். அது காதை ஆட்டிக்கொண்டு கேட்டது.