வசனத்துடன் சாவு

சிஸ்டரின் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வேலையில் அல்ல. வேலையில் அவர் பத்தொன்பது வருடமாக ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மிஷின்களின் வயிற்றில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தார். அதில் உயர்வதற்கு ஒன்றும் இல்லை. உயர்வு கிடைத்தது போரில்.

"இனிமே நான் சும்மா சாகறதில்லை," என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல். "வசனத்தோட சாகறேன்."

அவள் மறுநாளைக்கு யூனிபாரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் வார்டில் பதினெட்டு வருட சர்வீஸ் அவளுக்கு. தெருவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். கோபம் வந்தால் வீட்டுக்காரருக்கும் சிஸ்டர்தான்.

விஷயம் இதுதான். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் இரண்டு அரசர்கள் மோதிக்கொண்டார்களாம். அவர்கள் ஒரு முறைதான் மோதினார்கள். அதை நடித்துக் காட்டுகிற பழம்போர்க் கழகத்தார் ஞாயிறு விட்டு ஞாயிறு, மூடிப்போன பாட்டில் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில், எண்பது பேராக மோதிக்கொண்டே இருந்தார்கள். ஆறு கிடையாது. நீலத் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். வென்ற அரசர், டைல்ஸ் கடை முதலாளி. தோற்ற அரசர் அவருடைய மைத்துனர். கடையிலும் அவர் பேச்சு எடுபடாது என்பதால் அந்த வேடம் இயல்பாகவே பொருந்திவிட்டது.

கழகத்தின் பிடி இவர்கள் கையிலும் இல்லை. அது தராசு கையில் இருந்தது. கடைகளில் எடைக்கல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற அரசாங்க ஆய்வாளர் அவர். அதனால் வந்த பெயர். வாரம் முழுக்க எடைக்கல்லைப் பிடித்தவர் ஞாயிற்றுக்கிழமை சரித்திரத்தைப் பிடித்துக்கொள்வார். ஜிப், பட்டன், பிளாஸ்டிக் எதுவும் கூடாது. கைக்கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடத்தின் மேல் மண் பூசவேண்டும். மூக்குக் கண்ணாடிக்குத் தடை. இதனால் பாதிப் படை குருட்டாம்போக்கில் சொந்தக் கட்சியையே வெளுத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை ஆடிட்டர் ஒருவரின் இடுப்புத் துணியைச் சந்தேகப்பட்டு இழுத்துப் பார்த்தார் தராசு. உள்ளே எலாஸ்டிக். ஆடிட்டர் அன்று குதிரைப்படையிலிருந்து தண்ணீர் சுமக்கிறவராக இறக்கப்பட்டார். குதிரைப்படை என்றால், குதிரைகள் இருப்பதாக வைத்துக்கொண்டு குதித்து ஓடுகிறவர்கள்.

சிஸ்டரின் வீட்டுக்காரர் இரண்டு வருடம் டிவி முன்னால் உட்கார்ந்து கட்டுக்கம்பியை வெட்டி வளைத்து, பதினோராயிரம் வளையம் கோத்துக் கவசம் செய்தார். அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாளே, போர் தொடங்கி மூன்றாவது நிமிடம் செத்தார். அடுத்த இரண்டு வருடமும் மூன்றாவது நிமிடத்திலேயே செத்தார். சாவதிலும் சீனியாரிட்டி இருந்தது. வசனம் பேசிச் சாகிற படைத்தலைவர் பாத்திரம் ஒரே ஒரு ஆளுக்குத்தான். அதை வைத்திருந்த பல் டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டார். போகிறபோது தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனதுதான் சிக்கல்.

"படைத்தலைவன் மேல விழுந்து அழறதுக்கு ஒரு மனைவி வேணும்," என்றார் வீட்டுக்காரர்.

"வேற யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்கலாமா?"

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இல்ல, நீதான் சரியா இருப்ப," என்றார் அவசரமாக.

ஒத்திகையில் தராசு விளக்கினார். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வரவேண்டும். மார்பில் மூன்று தரம் அறைந்துகொள்ள வேண்டும். மண்ணில் இடமிருந்து வலமாகப் புரளவேண்டும். வலமிருந்து இடமாகப் புரண்டால் பார்வையாளர்களுக்கு முதுகுதான் தெரியும். பிறகு எழுந்து, எதிரி அரசனைச் சபித்து நாலு வரிச் செய்யுள். செய்யுளை டைல்ஸ் கடைக்காரர் இயற்றியிருந்தார். அதில் 'குருதி' மட்டும் ஐந்து இடத்தில் வந்தது.

சிஸ்டர் ஓடினாள், அறைந்துகொண்டாள், புரண்டாள். தராசு கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிஸ்டர், செத்தது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"துளிகூடத் தெரியலையே."

"யாரும் இப்படி அழறதில்லை சார். நான் வார்டுல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்."

"உங்க வார்டு இந்த நூற்றாண்டு. அந்தக் காலத்துல மனுஷங்க உணர்ச்சியே வேற. ஆதாரம் இருக்கு."

ஆதாரத்தை எடுத்துக் காட்டினார். ஏதோ ஒரு பழைய கல்சிற்பத்தின் புகைப்படம். ஒரு பெண் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். சிஸ்டர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"துணி காயப்போடற மாதிரி இருக்கு," என்றாள்.

கீழே பிணமாகக் கிடந்த ஆடிட்டர் சிரித்துவிட்டார். அவருக்கு இன்னொரு ஞாயிறு தண்ணீர் சுமக்கத் தண்டனை விழுந்தது. வீட்டுக்காரர் பைக்கை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார். வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒரு நாள். ஒரே ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்து."

அவளும் காப்பாற்றத்தான் நினைத்தாள். பாத்திரம் தேய்க்கிறபோதும், ஊசி மருந்து எடுக்கிறபோதும் அந்தக் குருதிச் செய்யுளை முணுமுணுத்து நெட்டுருப் போட்டாள்.

கழகத்தின் ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மதியம், வார்டில் ஏழாம் கட்டிலில் இருந்தவர் போய்விட்டார். பஸ் டிரைவர், ஐம்பத்திரண்டு வயது. மனைவி வெளியே போய் பன் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பன் பொட்டலத்தை அலமாரியில் வைத்தாள். போர்வை விலகித் தெரிந்த காலை மூடினாள். பிறகு, "ரெண்டு மணி மாத்திரையை எழுப்பிக் கொடுக்கணுமா, தூங்கட்டுமா?" என்று கேட்டாள். சிஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்துத்தான் அந்த அம்மாவுக்கு அழுகை வந்தது.

விழா அன்று வெயில் நன்றாக இருந்தது. நானூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முன்வரிசையில் அவளுடைய நாத்தனார், தம்பி சாவதைப் பார்க்கப் புதுத்துணி உடுத்தி வந்திருந்தாள். கொம்பு ஊதினார்கள். எண்பது பேரும் கத்திக்கொண்டு ஓடி நடுவில் மோதினார்கள். கண்ணாடி இல்லாத ஒரு வங்கி மேலாளர் தார்ப்பாய் தடுக்கி ஆற்றில் விழுந்து, திட்டத்துக்கு முன்னாலேயே செத்தார். இருபதாவது நிமிடம் படைத்தலைவர் முறை வந்தது. அம்பு தைத்தது, அதாவது, அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டார். அவர் பேசிய வசனம், புதருக்குள் ஒளித்துவைத்த மைக்கில் கணீரென்று கேட்டது. சாக நாலு நிமிடம் எடுத்துக்கொண்டார். நாத்தனார் எழுந்து நின்று கைதட்டினாள்.

இப்போது சிஸ்டர்.

தலையை விரித்துக்கொண்டு ஓடத்தான் ஓடினாள். பாதி தூரம் வந்தபோது அவர் கிடந்த கிடை கண்ணில் பட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கால் செருப்பு எங்கோ போயிருந்தது. துணி தொடைவரை ஏறியிருந்தது. ஓட்டம் நடையானது. நாலு வரியும் தலையிலிருந்து துடைத்தாற்போல் போய்விட்டன.

தலைமாட்டில் உட்கார்ந்தாள். துணியை இழுத்து முழங்காலை மூடினாள். முந்தானையால் அவர் கடைவாயைத் துடைத்தாள். எழுந்து போய்ச் செருப்பைத் தேடி எடுத்துவந்து, மற்றதையும் கழற்றி ஜோடி சேர்த்து அவர் காலடியில் வைத்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"காலைல ஒண்ணும் சாப்பிடலை," என்றாள், அவருக்குச் சொல்வதுபோல. "வந்து சாப்பிடறேன்னீங்க. மூடி வச்சிருக்கேன்."

மைக் அதையும் நானூறு பேருக்குக் கொண்டுபோனது. ஓரத்தில் நின்ற தராசு மார்பில் அறைந்து காட்டினார். அவள் பார்க்கவில்லை. வீட்டுக்காரரின் இடுப்பைத் தடவினாள், அந்தப் பக்கம் இந்தப் பக்கம்.

"வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு," என்றாள். "நான் இப்ப எப்படி உள்ள போறது?"

மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. அந்த அமைதியில் கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. பதினோராயிரம் வளையமும் குலுங்கின. படைத்தலைவரின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. பிணம் விசும்பியது, பிறகு வாய்விட்டே அழுதது.

பக்கத்துப் பிணமாக இருந்த ஆடிட்டர் முழங்கையை ஊன்றி எழுந்து, நாற்காலிகளில் தன் மனைவியைத் தேடினார். கண்ணாடி இல்லாததால் எல்லோருமே அவர் மனைவி மாதிரித் தெரிந்தார்கள். ஆற்றில் கிடந்த வங்கி மேலாளருக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் தெரியாது, தூரப்பார்வை நன்றாகவே இருந்தது. அவர் மனைவி போனில் ஏதோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கயிற்றைத் தாண்டிப் போர்க்களத்துக்குள் நடந்தாள். எதிரிப்படைப் பிணம் ஒன்றின் தோளைத் தொட்டு, "எழுந்திரிங்க, வீட்டுக்குப் போகலாம்," என்றாள். பிணம் எழுந்து அவள் பின்னால் போனது. தேராக வைத்துக்கொண்ட ஒரு வண்டிமேல் ஏறி நின்ற டைல்ஸ் கடைக்காரர் வெற்றி உரையைத் தொடங்கினார். அதை அவர் மைத்துனர்கூடக் கேட்கவில்லை.

"என் தம்பி நல்லாத்தான் செத்தான்," என்றாள் நாத்தனார் பிறகு. "நீதான் கெடுத்துட்ட."

புதன்கிழமை சாயங்காலம் டைல்ஸ் கடையில் விசாரணை நடந்தது. உட்கார இடம் போதாமல், விற்பனைக்கு வைத்திருந்த கம்மோடுகளின் மூடிமேல் செயற்குழு உட்கார்ந்தது. வென்ற அரசருக்கு இருப்பதிலேயே விலை உயர்ந்த கம்மோடு. தராசு குற்றப்பத்திரிகை படித்தார். செய்யுள் சொல்லாதது ஒன்று. அக்காலத்துப் படைத்தலைவன் வீட்டில் பூட்டு உண்டா என்பதற்கு ஆதாரம் இல்லாமல் சாவி கேட்டது இரண்டு. பூட்டைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. பூட்டு உண்டு, ஆனால் அதை மனைவி திறக்கமாட்டாள், காவலாள்தான் திறப்பான் என்று முடிவானது.

"மூணாவது, மிகக் கடுமையானது," என்றார் தராசு. "பிணம் அழுதது."

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "தப்புதாங்க. சாவி நிஜமாவே பைக் பையில இருந்துச்சு. அவளுக்கு அது தெரியாது. அவ தடவத் தடவ எனக்குச் சொல்லிடணும்போல இருந்துச்சு. சொல்ல முடியலை. செத்துட்டேனே."

வங்கி மேலாளர் மூக்கைச் சிந்தினார். பிறகு தீர்ப்பு வந்தது. படைத்தலைவர் ஆறு மாதம் இடைநீக்கம். சிஸ்டருக்குக் களத்தில் நிரந்தரத் தடை.

"கிளம்பலாமா?" என்றாள் அவள். "எட்டு மணிக்கு எனக்கு டூட்டி."

கடை வாசல்வரை வென்ற அரசர் பின்னால் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், எல்லா வீட்லயும் அப்படித்தானா? எங்க வீட்ல எப்படியிருக்கும்னு எனக்குச் சுத்தமாத் தெரியலை. என் சம்சாரம் ஒரு தடவைகூடப் பார்க்க வந்ததில்லை."

அவள் அவர் முகத்தையும், வீங்கியிருந்த கணுக்காலையும் பார்த்தாள். "பிரஷர் மாத்திரை போடறீங்களா?"

"ஞாபகம் வந்தா."

"தினமும் போடுங்க," என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறினாள்.

அடுத்த போருக்குச் சாகிறவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். முன்பெல்லாம் நெருக்கித் தள்ளிக்கொண்டு பெயர் எழுதுவார்கள். இந்தத் தடவை ஒருவரும் எழுதவில்லை. ஆடிட்டருக்கு முதுகுவலி. வங்கி மேலாளர், சாவதற்கு வேண்டிய வயது தனக்கு இன்னும் ஆகவில்லை என்றார். சாகாமலேயே போர் நடத்திப் பார்த்தார்கள். எண்பது பேரும் தார்ப்பாயின் இரு கரையிலும் நின்று அரைமணி நேரம் ஒருவரையொருவர் கெட்டவார்த்தை சொல்லித் திட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். தராசு மனம் வெறுத்து விலகினார். கற்கால மனிதர்களாக வாழ்ந்து பார்க்கும் இன்னொரு குழுவில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அங்கே எலாஸ்டிக் தொல்லை இல்லை, ஆடையே கம்மி. கடைசியில் கழகம் போரைக் கைவிட்டு, போருக்குப் பிந்தைய சமாதான ஒப்பந்தத்தை நடித்துக் காட்டுவதென்று தீர்மானித்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லைகளைப் படிப்பார்கள். பார்க்க வந்தவர்கள் பதினாலு பேர். அதில் ஐந்து பேர் நாற்காலி வாடகைக்காரரின் ஆட்கள்.

ஆறு மாதத்தில் சிஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பது மறுபடி தெரியவந்தது. மதியம் தூங்கினாள். வீட்டுக்காரர் தானாகவே தட்டு கழுவினார். சாவிக்கு ஒரு நகல் வெட்டிக்கொண்டு வந்து அவள் கைப்பையில் போட்டார். இடைநீக்கம் முடிந்ததும் கழகத்திலிருந்து ஆள் வந்தது. அவருக்குப் புதுப் பாத்திரம் கொடுத்திருந்தார்கள்: எழுத்தர். சமாதான ஒப்பந்தத்தை இரண்டு படையிலும் உள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி, பறவை இறகால், கையாலேயே எழுதவேண்டும்.

முதல் ஞாயிறு போய்விட்டு வந்தவர் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலெல்லாம் மை. அவள் தைலத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து தேய்த்துவிட்டாள்.

"எத்தனை ஆச்சு?"

"ஒன்பது. இன்னும் எழுபத்தொண்ணு இருக்கு." அவர் பெருமூச்சு விட்டார். "இதுக்கு நான் அன்னைக்கே செத்து..."

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மிச்சத்தை அவர் முழுங்கிக்கொண்டு, மறு கையை நீட்டினார். அதில் வலி ஒன்றும் இல்லை. அவள் அதையும் தேய்த்துவிட்டாள்.